இரண்டு வாரம் தாமதமாக வந்த ஆசிரியை



பள்ளிக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் வாசலில் நிறுத்திக் காரணம் கேட்கும் ஆசிரியை நான். அப்படிப்பட்ட நானே, முழுதாக இரண்டு வாரம் தாமதமாகப் போய் நின்ற கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். சிரிப்பதானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு பாடம் இருக்கிறது.

திருமணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நானும் என் கணவரும் முதல்முறையாக ஒரு நீண்ட விடுமுறை எடுத்தோம். மே மாத இறுதிப் பள்ளி விடுமுறையில், இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ஹேம்ப்ஷயர் மாவட்டத்துக் கிராமப்புறத்தில் எட்டு நாள். பெரிய திட்டம் எதுவும் இல்லை. காலையில் மெதுவாக எழுவது, வயல் ஓரப் பாதைகளில் நடப்பது, மாலையில் தேநீர். எனக்கு மட்டும் ஓர் ஆசை இருந்தது. புளூபெல் பூக்களைப் பார்க்க வேண்டும்.

மணி வடிவில் தலை கவிழ்ந்து தொங்கும் நீலப் பூ அது. காட்டுத் தரை முழுவதும் ஒரே நேரத்தில் பூத்து, மரங்களுக்கடியில் நீலப் பாய் விரித்ததுபோல் இருக்கும். உலகிலுள்ள புளூபெல் செடிகளில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில்தான் வளர்கின்றன. ‘இங்கிலாந்தில் வசந்தம் என்றால் மார்ச், ஏப்ரல், மே’ என்று புத்தகத்தில் படித்திருந்தேன். மே மாதம்தானே போகிறோம், பார்த்துவிடலாம் என்று நம்பினேன்.

முதல் நாள் காலை, நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டுக்குள் போனோம். நிழல் இருந்தது, பறவைச் சத்தம் இருந்தது. நீலம் மட்டும் இல்லை. தரையெங்கும் சாய்ந்து கிடந்த இலைகளும், காய்ந்த தண்டுகளில் பச்சை நிற விதைக்காய்களும்தாம் இருந்தன. திரும்பி வந்து வீட்டுக்காரப் பாட்டியிடம் கேட்டேன். “இரண்டு வாரம் முன்னால் வந்திருக்கலாமே” என்றார் அவர். என் கணவர் என்னைப் பார்த்து, “டீச்சர், லேட்டா வந்ததுக்குக் காரணக் கடிதம் எங்கே?” என்றார்.

அந்தக் காரணத்தைத் தேடித்தான் மீதி ஏழு நாளையும் கழித்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு வெயில்

முதலில், வசந்தம் என்பது என்ன? நம் நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமான கேள்வி.

பூமியின் அச்சு ஏறக்குறைய 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று படித்திருக்கிறீர்கள். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 டிகிரியில் இருக்கிறது. அதனால் அந்தச் சாய்வு நம்மை அதிகம் பாதிப்பதில்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் நம் ஊரில் அரை மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. ஹேம்ப்ஷயர் இருப்பதோ 51 டிகிரியில். அங்கே டிசம்பர் இறுதியில் பகல் ஏறக்குறைய 8 மணி நேரம்தான். நாங்கள் போன மே இறுதியில் அது 16 மணி நேரம்! காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்து எழுப்பிவிடுகிறது. இரவு ஒன்பது மணி அளவில்தான் சூரியன் மறைகிறது. மறைந்த பிறகும் உடனே இருட்டுவதில்லை. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் இருபது நிமிடங்களில் இருள் சூழ்ந்துவிடும். அங்கே சூரியன் சாய்வாக வழுக்கிக்கொண்டு இறங்குவதால் அந்தி முக்கால் மணி நேரம் நீள்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் விளக்கில்லாமல் நடந்துவிட்டு வந்தோம்.

மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகின்றன. அந்தச் சமயத்தில் அங்கே பகல் நாளொன்றுக்குச் சுமார் 4 நிமிடம் நீள்கிறது. ஒரே வாரத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம் கூடிவிடும். நாம் ஓர் ஆண்டு முழுவதும் காணும் மாற்றத்தைவிட இது அதிகம். நிலம் சூடேறுகிறது, உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. இதுதான் வசந்தம்.

கூரை மூடுவதற்குள்

அப்படியானால் புளூபெல் ஏன் வசந்தம் முடிவதற்குள்ளேயே போய்விட்டது? பகல் நீளமாகி, நன்றாகச் சூடு வந்தபிறகு பூத்தால் என்ன?

விடை தலைக்கு மேலே இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஓக், பீச் மரங்களின் இலைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பச்சைக் கூரை போட்டிருந்தன. குளிர்காலத்தில் இந்த மரங்கள் மொட்டையாக நிற்கும். அப்போது தரைவரை வெளிச்சம் விழும். ஆனால் குளிர் அதிகம். மே மாதத்தில் சூடு இருக்கும். ஆனால் கூரை மூடிவிடும், தரைக்கு வரும் ஒளி மிகச் சிறு பங்காகக் குறைந்துவிடும். இடையில் சில வாரங்களுக்கு மட்டும் போதுமான சூடும் போதுமான ஒளியும் சேர்ந்து கிடைக்கின்றன. புளூபெல் அந்த இடைவெளியில் வாழ்கிற செடி.

மரங்கள் உறங்கும்போதே அது மண்ணுக்குள்ளிருக்கும் கிழங்கிலிருந்து இலை விடுகிறது. கூரை மூடுவதற்குள் ஒளிச்சேர்க்கை செய்து, பூத்து, மகரந்தச் சேர்க்கையும் முடித்து, மிஞ்சிய உணவைக் கிழங்கில் சேமித்துக்கொண்டு படுத்துவிடுகிறது. நான் பார்த்த வாடிய இலைகள் நோயால் வாடியவை அல்ல. வேலையை முடித்துவிட்டு ஓய்வெடுத்தவை.

இந்தச் சேமிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அடையாளம்: ஒரு விதை வளர்ந்து முதல் பூ பூப்பதற்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். படமெடுக்கும் ஆசையில் யாராவது இலைகளை மிதித்துவிட்டால் அவற்றால் உணவு தயாரிக்க முடியாது. அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் காட்டுப் பாதையில் ‘பாதையை விட்டு இறங்காதீர்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

செடிக்கு நேரம் சொல்வது யார்?

கடிகாரமோ நாட்காட்டியோ இல்லாத செடி, ‘இதுதான் நேரம்’ என்று எப்படி அறிகிறது? மூன்று அடையாளங்களை இங்கே சொல்லலாம்.

முதலாவது, இரவின் நீளம். இலைகளில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவம், இருளில் கிடந்தால் மெல்ல மறு வடிவம் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். அதைக் கொண்டு இரவு எவ்வளவு நீளம் என்பதைச் செடி உணர்கிறது. இரண்டாவது, சூடு. இளஞ்சூடான நாள்கள் சேரச் சேர மொட்டு வளர்கிறது. மூன்றாவதுதான் வேடிக்கை: குளிர். குளிர்நாட்டுச் செடிகள் பலவற்றுக்குப் போதுமான அளவு குளிர் முதலில் கிடைத்தாக வேண்டும். அப்போதுதான் ‘குளிர்காலம் வந்து போய்விட்டது’ என்று நம்பி, சூட்டுக்கு விழித்துக்கொள்கின்றன. இந்தக் குளிர்க் கணக்கு இல்லாவிட்டால், டிசம்பரில் தற்செயலாக நான்கு நாள் வெயிலடித்தால்கூட ஏமாந்து மொட்டவிழ்த்து, அடுத்த வாரப் பனியில் கருகிவிடும்.

இந்த அடையாளங்களில் இரவின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. சூடு மாறும். ஓக் மரம் பெரும்பாலும் சூட்டைக் கேட்டு இலை விடுகிறது. அதனால் வசந்தம் சூடாக இருந்தால் இலை முந்துகிறது. குளிராக இருந்தால் பிந்துகிறது. நான் நாட்காட்டியைப் பார்த்து டிக்கெட் எடுத்தேன். காடு வெப்பமானியைப் பார்த்துப் பூத்திருக்கிறது.

222 ஆண்டு எழுதிய குடும்பம்

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்காரப் பாட்டியின் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டியைப் பார்த்தேன். சில கட்டங்களில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. ‘முதல் தகைவிலான் வந்தது’, ‘ஓக் இலை’, ‘குயில் சத்தம்’. ஒவ்வோர் ஆண்டும் எழுதுவாராம். “எதற்கு?” என்று கேட்டேன். “என் அம்மா எழுதினார், அதனால் நானும் எழுதுகிறேன்” என்றார்.

இங்கிலாந்தில் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நார்ஃபோக் மாவட்டத்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் இருந்தார். மரங்கள் மீது பெரும் பிரியம் கொண்டவர். 1736ஆம் ஆண்டு முதல், வசந்தத்தின் அடையாளங்கள் என்று 27 நிகழ்வுகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். முதல் பூ எப்போது, எந்த மரம் எப்போது இலை விட்டது, தவளை எப்போது கத்தத் தொடங்கியது, தகைவிலான் எப்போது வந்தது. அவர் 1797இல் இறந்த பிறகும் அவருடைய வாரிசுகள் நிறுத்தவில்லை. அந்தக் குடும்பத்தின் குறிப்புகள் 1958 வரை நீள்கின்றன. 222 ஆண்டு!

இப்படி இயற்கை நிகழ்வுகளின் தேதிகளை ஆராயும் துறைக்கு ‘ஃபினாலஜி’ என்று பெயர். தமிழில் பருவ நிகழ்வியல் எனலாம்.

மார்ஷமுக்குப் பருவநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது. ஆனால் இன்றைய விஞ்ஞானிகள் அவரைப் போன்றவர்களின் குறிப்புகளைத்தான் தேடிப் போகிறார்கள். 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஓர் ஆய்வு வெளியானது. பிரிட்டனில் 406 வகைத் தாவரங்கள் முதலில் பூத்த தேதிகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். 1753 முதல் 1986 வரையிலான சராசரியைவிட, 1987 முதல் 2019 வரையிலான சராசரி ஏறக்குறைய ஒரு மாதம் முந்தியிருந்தது. இங்கிலாந்தில் 1659ஆம் ஆண்டிலிருந்தே வெப்பநிலைப் பதிவு இருப்பதால், சூடு கூடியதும் பூக்கள் முந்தியதும் சேர்ந்தே நடந்ததை ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது.

என் தாமதத்துக்கு ஒரு பகுதிக் காரணம் கிடைத்துவிட்டது. நான் மனத்தில் வைத்திருந்தது பழைய புத்தகங்களின் வசந்தம்.

சாப்பாடு தீர்ந்த பிறகு வந்தவர்கள்

பூவைத் தவறவிட்ட எனக்கு ஏமாற்றம்தான் மிச்சம். ஆனால் காட்டில் சிலருக்கு இந்தத் தேதிக் கணக்கு உயிர்ப் பிரச்சினை.

ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு அருகில் வைதம் காடு என்ற ஒரு காடு இருக்கிறது. அங்கே ‘கிரேட் டிட்’ என்ற சிறு குருவியை 1947 முதல் இடைவிடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். கூட்டுப் பெட்டிகளை மாட்டி, எந்தக் குருவி எந்த நாளில் முட்டையிட்டது என்று பதிவு செய்கிறார்கள்.

இந்தக் கதையில் மூன்று பாத்திரங்கள். ஓக் மரம், புழு, குருவி.

குளிர்கால அந்துப்பூச்சி என்று ஒன்று உண்டு. அதன் பெண் பூச்சிக்குப் பறக்க இறக்கை கிடையாது. குளிர்காலத் தொடக்கத்தில் மரத்தில் நடந்தே ஏறிக் கிளைகளில் முட்டையிடும். அந்த முட்டைகள் ஓக் மொட்டு அவிழும் சமயத்தில் பொரிய வேண்டும். முன்னதாகப் பொரிந்தால் தின்ன இலை இருக்காது. தாமதமாகப் பொரிந்தால் இலை முற்றி, டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர்ந்துவிடும். சரியாகப் பொரிந்த புழுக்கள் சில வாரங்கள் இலையைத் தின்று கொழுத்து, பிறகு நூலில் தொங்கித் தரைக்கு இறங்கி மண்ணுக்குள் போய்விடும்.

அந்தச் சில வாரங்களுக்குள்தான் குருவிக் குஞ்சுகள் பெரும்பசியில் இருக்க வேண்டும். தாயும் தந்தையும் சேர்ந்து ஒரு கூட்டுக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான புழுக்களைக் கொண்டு வருகின்றன. நாங்கள் ஒரு மரப்பொந்தின் எதிரே அமர்ந்து ரொட்டி சாப்பிட்டபோது ஒரு குருவி போவதும் வருவதுமாக இருந்தது. என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பத்து நிமிடத்தில் ஒன்பது முறை. “நம்ம அம்மாகூட இவ்வளவு ஊட்டினதில்லை” என்றார்.

கணக்கு இதுதான்: வசந்தம் சூடாகிறது, ஓக் முந்துகிறது, புழுவும் முந்துகிறது. குருவி என்ன செய்யும்? குஞ்சு பொரிப்பதற்குப் பல நாள் முன்பே அது முட்டையிட்டாக வேண்டுமே! வைதம் காட்டுக் குருவிகள் வசந்தத் தொடக்கத்தின் சூட்டை அடையாளமாக எடுத்துக்கொண்டு தங்களை மாற்றிக்கொண்டன. 1960களோடு ஒப்பிட்டால் இப்போது ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே முட்டையிடுகின்றன. ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்வதால் அந்தக் காட்டின் சூட்டை அவற்றால் உணர முடிகிறது.

தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவை குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் ஐரோப்பாவுக்குக் கூடு கட்ட வருகிறது. ஐரோப்பாவில் இந்த ஆண்டு வசந்தம் முந்திவிட்டதா என்று ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு யார் சொல்வது? நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. புழுக்கள் மிக முன்னதாகவே பெருகி முடிந்துவிடும் காடுகளில், இருபது ஆண்டுகளில் இந்தப் பறவைகளின் எண்ணிக்கை சுமார் 90 விழுக்காடு குறைந்துபோனதாக அது காட்டியது. விருந்து முடிந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அவை.

இதைப் படித்த அன்றிரவு, புளூபெல் பார்க்காதது பற்றி நான் புலம்புவதை நிறுத்திவிட்டேன்.

செல்போர்ன் பாதிரியாரின் சந்தேகம்

ஆறாம் நாள், அதே ஹேம்ப்ஷயரில் உள்ள செல்போர்ன் என்ற கிராமத்துக்குப் போனோம். 18ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் அங்கே வாழ்ந்தார். அவருடைய வீடு இப்போது அருங்காட்சியகம். வீட்டுக்கு எதிரே செங்குத்தான சுண்ணப் பாறைக் குன்று. அதன்மேல் பீச் மரக்காடு. 1753இல் அவரும் அவருடைய தம்பியும் வெட்டிய வளைந்து வளைந்து ஏறும் பாதை இன்றும் இருக்கிறது. ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

வைட் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வைத்திருக்கவில்லை. தம் ஊரையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று சிறு பறவைகள் வெவ்வேறு இனங்கள் என்று அவற்றின் பாட்டைக் கேட்டே கண்டுபிடித்தார். அவருக்கும் ஒரு சந்தேகம் தீரவே இல்லை. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன? சில பறவைகள் வேறு நாட்டுக்குப் போகலாம் என்று அவர் அறிந்திருந்தார். ஆனாலும் சில தகைவிலான்கள் அங்கேயே எங்காவது ஒளிந்து உறங்குகின்றனவோ என்று கடைசிவரை எண்ணினார்.

விடை வெகுகாலம் கழித்துத்தான் உறுதியானது. 1911இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு வழக்கறிஞர் தம் வீட்டில் கூடு கட்டிய தகைவிலானின் காலில் சிறு வளையம் மாட்டினார். 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியில் பிடிபட்டது. ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர்!

இந்தத் தகைவிலானை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை, பெந்தோங் போன்ற பட்டணங்களில் மாலை நேரத்தில் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதே இனம்தான். நம்மிடம் வருபவை கிழக்காசியாவில் கூடு கட்டுபவை. அங்கே வசந்தம் வரும்போது கிளம்பிவிடும். நமக்கு வசந்தம் இல்லை என்றாலும், வசந்தத்துக்குப் போகும் பயணிகள் நம் தலைக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் ஊர்க் கடிகாரம்

“டீச்சர், நம்ம ஊரில் எல்லா நாளும் ஒன்றுதானே, இங்கே என்ன எழுதுவது?” என்று நீங்கள் கேட்கலாம். பகல் நீளம் மாறாத நம் ஊரிலும் தாவரங்களுக்குக் கடிகாரம் உண்டு. அது வேறு மாதிரி ஓடுகிறது.

நம் மழைக்காடுகளில் மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, பல இனங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்துக் குலுங்கும். நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வறட்சியும் இரவு வெப்பநிலையின் சரிவும் இதைத் தூண்டுவதாகத் தெரிகிறது. எல்லா மரங்களும் ஒரே சமயத்தில் விதை கொட்டினால், தின்ன வரும் விலங்குகள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும் அல்லவா?

இன்னும் அருகிலேயே ஒன்று இருக்கிறது. சாலையோரத்து அங்சானா, மழைமரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட். ஒட்டி வளர்ந்தாலும் மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை. அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்து அப்படியே காத்திருக்கும். கனமழை பெய்து வெப்பநிலை திடீரென ஐந்து டிகிரி அளவில் இறங்கினால் மீண்டும் வளரத் தொடங்கும். மழைக்குப் பின் ஒன்பதாம் நாள், அந்தப் பகுதியில் உள்ள செடிகளெல்லாம் ஒன்றாக வெள்ளைப் பூ விடும். மணக்கும். ஒரே நாளில் வாடிவிடும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அவ்வளவுதான்!

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு பென்சில், முடிந்தால் ஒரு வெப்பமானி.

1. உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ அருகில் புறா ஆர்க்கிட் உள்ள மரம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். மரத்தில் ஏற வேண்டாம், கீழிருந்தே பார்க்கலாம்.

2. கடும் புழுக்கத்துக்குப் பிறகு பெருமழை பெய்யும் நாளைக் குறியுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் வெப்பநிலையை எழுதுங்கள்.

3. மறுநாளை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாள் காலைகளில் மரத்தைப் பாருங்கள். பூத்ததா, எத்தனை கொத்து என்று எழுதுங்கள்.

4. பூக்காவிட்டால் ‘பூக்கவில்லை’ என்றும் எழுதுங்கள். அதுவும் தகவல்தான். எவ்வளவு சரிவு போதவில்லை என்பதை அதிலிருந்துதான் அறிய முடியும்.

5. நான்கைந்து மழைகளுக்குப் பிறகு, வெப்பநிலைச் சரிவையும் பூத்த கொத்துகளின் எண்ணிக்கையையும் வரைபடமாகப் போடுங்கள்.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஜீன் கோம்ப்ஸ் என்ற பெண்மணி 1947 முதல் பல பத்தாண்டுகள், ஓக் உள்ளிட்ட நான்கு வகை மரங்கள் எப்போது இலை விடுகின்றன என்று ஆண்டுதோறும் எழுதி வந்தார். அவர் விஞ்ஞானியாக வேலை பார்த்தவர் அல்லர். ஆனால் விஞ்ஞானிகள் அவருடைய குறிப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். ஏனென்றால், போன ஆண்டின் தேதியை யாரும் எழுதாமல் விட்டால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

கிளம்பும் நாளன்று பாட்டி என்னிடம் பென்சிலை நீட்டினார். நாட்காட்டியின் ஒரு கட்டத்தில், தமிழிலேயே எழுதினேன்: ‘மலேசியாவிலிருந்து வந்தோம். புளூபெல் முடிந்துவிட்டது.’ அதற்குக் கீழே தேதி.

ஊர் திரும்பிய வாரம் நல்ல மழை. நானும் எண்ணத் தொடங்கினேன். ஒன்பதாம் நாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அண்ணாந்து பார்த்தேன். அங்சானா கிளை முழுவதும் வெள்ளை. அன்று பள்ளிக்கு ஏழு நிமிடம் தாமதம். காரணம் கேட்டவர்களிடம் சொன்னேன், நம்பவில்லை. உங்கள் குறிப்புகளை அனுப்பி வையுங்கள், சாட்சிக்கு வைத்துக்கொள்கிறேன்.